பேய் வரும் படமும் வேதாளம் வரும் ஏடும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் பொன்முடி வரும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் சாரலில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தேயிலை கிள்ளத் தமிழ்ச் சீமையிலிருந்து மலையேறி வந்த குடும்பங்கள் பல இப்பக்கத்து மலைகளிலே தலைமுறைகளைக் கழித்துவிட்டன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெடுமங்காடு வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே இம்மலைத் தமிழர் வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள்.

இத்தகைய குடும்பங்களில் எழும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். குழந்தை படிக்கத் தக்க நூல் எது, பார்க்கத் தக்க படம் எது என்று தீர்மானிப்பது யார் பொறுப்பு? தாய்நாட்டிலே வாழும் பெற்றோருக்கும் இக்கேள்வி உண்டு. ஆனால் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் குடியிருக்கும் நம்மவருக்கு இதில் இன்னொரு முடிச்சு விழுகிறது. பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் நூலின் எழுத்தே தாய்க்குத் தெரியாது. படிக்க முடியாத நூலை நல்லது என்றோ தீயது என்றோ எப்படிச் சொல்வது? அந்த முடிச்சை அவிழ்க்குமுன், அரசும் சமூகமும் பெற்றோரும் இந்தப் பொறுப்பை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டே வந்த வரலாற்றைச் சற்றே பார்ப்பது பயன் தரும்.

நம் பாட்டிமார் காலத்தில் வயதுக்கேற்ற கதை என்ற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை இல்லாத வீடு குறைவு. பஞ்சத்தில் பிறந்தகம் வந்து, அண்ணியால் அவமதிக்கப்பட்டு, பெற்ற பிள்ளைகள் எழுவரையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்த ஒரு தாயின் கதை அது. மாலையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, வீட்டுப் பெண்களும் மடியிலிருந்த குழந்தைகளும் சேர்ந்தே கேட்டார்கள், சேர்ந்தே அழுதார்கள். நாஞ்சில் நாட்டிலும் வேணாட்டிலும் கள்ளியங்காட்டு நீலியின் கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிக் குழந்தைகளைத் தூங்க வைத்தார்கள். ஆளைக் கொல்லும் இயக்கியின் கதை எப்படித் தாலாட்டாயிற்று என்று இன்றைய மனநூல் வல்லார் வியக்கலாம். ஆனால் அங்கே ஒரு காப்பு இருந்தது. கதை சொல்பவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண் அகன்றால் குரலைத் தாழ்த்துவாள். உதடு துடித்தால் நீலியை அப்படியே விட்டுவிட்டு நரி, காக்கை என்று போய்விடுவாள். தணிக்கை அவள் நாவிலேயே இருந்தது.

அச்சும் படமும் அந்த முகத்தைப் பார்க்கமாட்டா. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியத் திரைப்படச் சட்டம் 1918-ஆம் ஆண்டில் பிறந்தது. அதன்படி 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அவற்றின் கவலை குழந்தைகளைப் பற்றியதன்று. கொட்டகை தீப்பற்றக் கூடாது என்பது ஒன்று. படச்சுருள் எளிதில் எரியும் பொருளாக இருந்த காலம் அது. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து வெள்ளையரிடம் மக்கள் கொண்ட மதிப்புக் குறைந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. 1927-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 4,325 வினாத்தாள்களை அனுப்பி, 353 சாட்சிகளை நேரில் விசாரித்தது. அவ்வளவு விரிவான ஆராய்ச்சிக்குப் பிறகும், சிறுவருக்கு ஒரு முத்திரை, பெரியவருக்கு ஒரு முத்திரை என்ற ஏற்பாடு சட்டத்தில் ஏற மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

திருவிதாங்கூரோ அந்நாளில் தனிச் சமஸ்தானம். அதன் தலைநகரில், பேசாப்படக் காலத்தில், அகஸ்தீசுவரத்திலே பிறந்த ஜே. சி. டேனியல் என்பார் ‘விகதகுமாரன்’ என்ற படத்தை எடுத்தார். மலையாளத் திரையுலகின் முதற்படம் அதுவே. காணாமற்போன பிள்ளை என்பது பெயரின் பொருள். திருவிதாங்கூர்ச் சிறுவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்தப்பட்டு, தேயிலைத் தோட்டத்திலே வளர்வது கதை. டேனியலின் மகனே சிறுவனாக நடித்தான். திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் அது திரையிடப்பட்டபோது கூட்டத்தினர் சிலர் திரைமேல் கல்லெறிந்தனர். படம் குழந்தைகளுக்குக் கேடு என்பதாலா? இல்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்ணான பி. கே. ரோசி, உயர்குடிப் பெண்ணாக வேடம் புனைந்ததைப் பொறுக்கமாட்டாமல்! அப்பெண் ஊரைவிட்டே தப்பித் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியதாயிற்று. ‘தகாத படம்’ என்று பெரியவர்கள் கூச்சலிடும்போது, அவர்கள் காக்க விரும்புவது குழந்தையின் உள்ளத்தையா, தங்கள் செருக்கையா என்று கேட்டுப் பார்ப்பது எக்காலத்துக்கும் ஏற்ற வழக்கமாகும்.

விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. எல்லாரும் பார்க்கத் தக்க படத்துக்கு ‘யு’ என்றும், பதினெட்டு வயது நிறைந்தோர் மட்டுமே பார்க்கத் தக்கதற்கு ‘ஏ’ என்றும் இரண்டு முத்திரைகள் வந்தன. ‘ஏ’ முத்திரை குத்தப்பட்ட முதல் தமிழ்ப் படம் எது? காதற் காட்சிகள் மலிந்த ஏதோ ஒரு படமாக இருக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். 1951-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ஜூபிடர் நிறுவனத்தாரின் ‘மர்மயோகி’தான் அது. எம். ஜி. ராமச்சந்திரன் கரிகாலனாக வாள் வீசி, ஏழைகளுக்குத் துணை நின்று, கொடுங்கோல் அரசியை எதிர்க்கும் வீரக் கதை. எழுதியவர் ஏ. எஸ். ஏ. சாமி, இயக்கியவர் கே. ராம்நாத். இந்த ராம்நாத் திருவனந்தபுரத்திலே பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒளியையும் நிழலையும் கையாளுவதில் அவரைப் போன்றோர் அந்நாளில் மிகச் சிலரே. அவருடைய நிழல்களே படத்துக்கு வினையாயின. கொலையுண்டதாகக் கருதப்பட்ட அரசனின் ஆவி அரண்மனையில் உலவுவதாக வரும் காட்சிகளைக் கண்டு தணிக்கையாளர் ‘ஏ’ கொடுத்துவிட்டனர். அரசன் இறக்கவே இல்லை என்பது கதையின் முடிவில் வெளிப்படுகிறது. இல்லாத பேய் ஒன்றின் பொருட்டு, அப்படத்தை யார் மிகவும் விரும்பிப் பார்த்திருப்பார்களோ அந்தச் சிறுவர்களுக்கே கொட்டகையின் கதவு அடைக்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே தலைமுறைக் குழந்தைகளின் கையிலே ‘அம்புலிமாமா’ இருந்தது. பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய மாத ஏடு அது. 1950-களின் நடுவிலிருந்து அதில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் மாதந்தவறாமல் வரலாயினர். நள்ளிரவு, சுடுகாடு, முருங்கை மரம், தோளிலே பிணத்தைச் சுமந்து கத்தியுடன் நடக்கும் அரசன், பிணத்துக்குள்ளிருந்து பேசும் வேதாளம். பின்னாளில் ஓவியர் கே. சி. சிவசங்கரன் தீட்டிய அந்தச் சித்திரம், இந்தியாவின் பல மொழிக் குழந்தைகளுக்கும் கண்ணை மூடினால் தெரியும் சித்திரமாயிற்று. மர்மயோகியின் ஆவியைவிட அது எவ்வகையிலும் மென்மையானதன்று. ஆயினும் தந்தைமார் அதைக் காசு கொடுத்து வாங்கி வந்து தம் கையாலேயே பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

இம்முரண்பாட்டை மடமை என்று தள்ளிவிட முடியாது. ஏட்டிலே பயம் தோன்றினால் குழந்தை பக்கத்தை மூடலாம். அடுத்த நாள் பகலில் திறக்கலாம். தவிர, ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கிறது; குழந்தையும் அரசனோடு சேர்ந்து விடையைத் தேடுகிறது. பயத்தைவிடக் கேள்வி பெரிதாகிவிடுகிறது. கொட்டகை இருட்டிலோ படம் தன் வேகத்திலேயே ஓடும். ஆனால் பக்கத்தில் தாயோ தந்தையோ அமர்ந்திருந்தால் அந்த இருட்டும் பாதி வெளிச்சமாகிவிடும் அல்லவா? 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டாவது உண்மையைக் கணக்கில் எடுக்கவில்லை. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் பதினேழு வயதுப் பையனுக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஒரே தடைதான்.

பெற்றோரும் வாளாவிருக்கவில்லை. 1954-ஆம் ஆண்டில் தில்லியைச் சேர்ந்த 13,000 இல்லத்தரசிகள் கையொப்பமிட்ட மனு ஒன்று பிரதமர் நேருவிடம் அளிக்கப்பட்டது. சினிமா தங்கள் பிள்ளைகளை வயதுக்கு மீறிப் பழுக்க வைக்கிறது, தீய பழக்கங்களைக் கற்பிக்கிறது, அரசு இதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் மாநிலங்களவையில் லீலாவதி முன்ஷி அம்மையாரும் விரும்பத்தகாத படங்களைத் தடை செய்யக் கோரித் தீர்மானம் கொணர்ந்தார். தடை கேட்ட மனுவுக்கு மறுமொழி போல் அமைந்தது 1955-இல் தோன்றிய குழந்தைகள் திரைப்படச் சங்கம். தீயதைத் தடுப்பதோடு நல்லதை ஆக்கவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. கேதார் சர்மா இயக்கிய ‘ஜல்தீப்’ என்ற அதன் படம் 1957-இல் வெனிஸ் நகரத்து விழாவில் பரிசும் பெற்றது. சங்கத்தின் படங்கள் நல்லவை என்பதில் ஐயமில்லை. அவை ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தது அரிது என்பதிலும் ஐயமில்லை. பரிசு வெனிஸில் கிடைத்தது. படம் விதுராவுக்கு வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. எழுத்தாளர் கே. ஏ. அப்பாஸ், பம்பாய், கல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்து ஒரு சிறு படம் எடுத்தார். அவர் ‘யு’ கேட்டார். தணிக்கையாளர் ‘ஏ’ என்றனர். சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் சில நொடிகளே காரணம். அப்பாஸ் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து, வெட்டு எதுவுமின்றி ‘யு’ தர ஒப்புக்கொண்டது. எனினும் தணிக்கை என்ற முறையே செல்லுமா என்று அவர் கேட்டதற்கு, 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி தலைமை நீதிபதி இதாயதுல்லா அளித்த தீர்ப்பு, செல்லும் என்றது. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகத் தூண்டுவது, வயதின்படி பிரிப்பதும் அதனால் தகும் என்பது தீர்ப்பின் போக்கு. நம் நாட்டுத் தணிக்கை வரலாற்றின் மிகப் பெரிய வழக்கு, பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்க்கலாமா கூடாதா என்ற சிறு பிணக்கிலிருந்து முளைத்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

1983-ஆம் ஆண்டில்தான் சட்டம் முதன்முறையாகப் பெற்றோர் பக்கம் திரும்பிப் பார்த்தது. ‘யு/ஏ’ என்ற புது முத்திரை வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இப்படத்தைப் பார்க்கலாமா என்பதைப் பெற்றோரோ காப்பாளரோ எண்ணித் துணிக என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டே, 1984 ஆகஸ்டில், கேரளத்திலிருந்து ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளிவந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். குழந்தைகளின் தோழனாக வரும் சாத்தான்தான் கதாநாயகன். கறுப்புக் கண்ணாடி அணிந்து, திரையிலிருந்து நீண்டு வருவதைக் கைநீட்டிப் பிடிக்க முயன்ற குழந்தைகளால் கொட்டகைகள் நிரம்பின. அழைத்து வந்தவர்கள் பெற்றோரே. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் பேயின் நிழலுக்கு அஞ்சிக் கதவை அடைத்த அதே நாடு! அந்தப் படத்தில் கருதிப் பார்க்கத் தக்கது சாத்தான் அன்று, குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒரு தந்தையும் அவரைத் திருத்த ஏங்கும் மகளுமே என்பது நம் கருத்து. குடிகாரர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அக்காட்சி தரும் நடுக்கமோ ஆறுதலோ, எந்தத் தணிக்கைக் குழுவுக்கும் தெரிய வழியில்லை. அந்தப் பிள்ளையின் தாய்க்குத் தெரியும்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வழியில் இன்னும் ஓரடி சென்றது. ‘யு/ஏ’ என்ற ஒரே வகுப்பை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்ததோடு, அப்படிகள் பெற்றோரின் கவனத்துக்கே உரியவை, அவர்களைத் தவிரப் பிறர் அவற்றை வலியுறுத்த முடியாது என்றும் விதித்தது. வாயிற்காவலன் கையிலிருந்த சாவி இவ்வகைப் படங்களைப் பொறுத்தவரை தந்தையின் கைக்கு வந்துவிட்டது. ‘ஏ’ முத்திரையின் தடை மட்டும் பழையபடியே நிற்கிறது. கொட்டகைக்கே போகாமல் கைப்பேசியில் படம் பார்க்கும் பிள்ளைக்காக, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இணைய ஒளிபரப்பு நிறுவனங்களும் இதே வயதுப் படிகளைக் காட்டவும், பெற்றோர் பூட்டும் வசதியைத் தரவும் வேண்டும். பூட்டைத் திறக்கும் எண் வீட்டிலுள்ளோரில் யாருக்கு முதலில் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

நூல்களுக்கு வருவோம். இங்கே வயது முத்திரை என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த நாளில், நாவல் படித்தால் பிள்ளைகள் கெடுவார்கள் என்பது பெரியோர் தீர்ப்பு. பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தார்கள். பெரியோர்களோ மறைக்காமலே படித்தார்கள். குழந்தைக்கென்றே எழுத வேண்டும் என்ற உணர்வு வலுத்து, 1950-இல் அழ. வள்ளியப்பா முதலானோர் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினர். ஆர்வி ஆசிரியராயிருந்த ‘கண்ணன்’ சிறுவர் ஏடும் அக்காலத்தது. தமிழ்வாணனின் சங்கர்லாலோ துப்பறிவார். ஆனால் அவருடைய ஒரே போதை தேநீர். தேயிலை மலைப் பெற்றோருக்கு இதைவிட ஏற்ற வீரன் வேறு யார்?

கேரளத்தில் இன்னொரு பெருமுயற்சி நடந்தது. 1945-ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து கேரளம் முழுவதும் பரவி, 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசையும் பெற்றது. நம் சென்னை மாநிலத்துக்கு 1948-லேயே நூலகச் சட்டம் வாய்த்தது என்று நாம் பெருமை கொள்வது சரியே. கேரளத்தாருக்குச் சட்டம் 1989 வரை வரவில்லை; அதற்குள் நூலகங்கள் வந்துவிட்டன. ஆகவே அங்கு வளரும் தமிழ்க் குழந்தை நூலுக்கு ஏங்கியதில்லை. ஏங்கியது வேறொன்றுக்கு. அது கொண்டுவரும் நூல் மலையாளத்தில் இருக்கும். வாங்கிப் பார்க்கும் தாயின் கண்ணுக்கு அவை வட்டவட்டமான கோடுகள்.

இவ்விடத்தில் பெற்றோர் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்பதைக் காண்கிறோம். சிலர் அட்டைப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகிறார்கள். அது ‘மர்மயோகி’யின் தணிக்கையாளர் செய்ததே. சிலர் ஆசிரியர் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வகையினர் பிள்ளையையே உட்காரவைத்து, “என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்” என்று கேட்கிறார்கள். இம்மூன்றாம் வழியில் பழைய பாட்டியின் கதைக்கூடம் தலைகீழாகத் திரும்பி வருகிறது. இப்போது குழந்தை சொல்கிறது. தாய் அதன் முகத்தைப் பார்க்கிறாள். எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எந்த இடத்தைத் தாண்டிப் போகிறது என்பதிலிருந்தே அந்நூல் அக்குழந்தையின் வயதுக்கு ஏற்றதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். குழந்தையின் தமிழும் இதனால் துருப்பிடிக்காமல் இருக்கும்.

இதற்குத் துணையாகும் ஏற்பாடுகளும் நம் நாட்டில் உண்டு. வெளிமாநில அன்பர்கள் பலர் இவற்றை அறிந்திருந்தும் இப்பயனுக்குக் கொள்வதில்லை. 1957-இல் தொடங்கிய தேசியப் புத்தக நிறுவனம் ‘நேரு பால புஸ்தகாலயம்’ என்ற வரிசையில் குழந்தை நூல்களை, ஒரே கதை, ஒரே சித்திரங்களுடன், இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளியிட்டு வருகிறது. அதே 1957-இல், கேரளத்துக் காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் தில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். மலையாளக் குழந்தை நூல்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் 1981-இல் ஓர் அரசு நிறுவனம் ஏற்பட்டது. ‘அம்புலிமாமா’வும் ‘அம்பிளி அம்மாவன்’ என்ற பெயரில் மலையாளத்தில் வந்துகொண்டிருந்தது. இப்போது எம்மொழியிலும் அச்சில் வெளிவருவதில்லை, ஆனால் பழைய இதழ்களைக் கட்டம் கட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. நேரு பால புஸ்தகாலய நூல் ஒன்றின் தமிழ்ப் பதிப்பைத் தாய் வைத்துக்கொண்டு, மலையாளப் பதிப்பைப் பிள்ளை வைத்துக்கொண்டால், பக்கத்துக்குப் பக்கம் ஒரே யானை, ஒரே ஆறு, ஒரே மரம். படம் ஒன்றாயிருப்பதால் தாய் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கண்டுகொள்ளலாம். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போவதற்குள் அவளும் மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடுவாள். அடுத்து வரும் நூலின் அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இராது.